கருவி எண் நாற்பத்தொன்று

எடைமேடைக்காரரின் மனைவி செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு இறந்துபோனாள். ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல இடமில்லை. ஊசி போட்டார்கள், மருந்து ஏற்றினார்கள், கடைசி நாள் ஒரு டாக்டர் அவருடைய தோளைத் தொட்டு "தைரியமா இருங்க" என்றுகூடச் சொன்னார். உயிரோடு இருந்தவரைக்கும் அவளுக்கு அங்கே ஒரு சிக்கலும் இல்லை. இறந்த பிறகுதான் ஆரம்பித்தது.

அவர் சரக்கு லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் மேடையில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறவர். லாரி ஏறி நிற்கும். வண்டி எண்ணையும் எடையையும் கீபோர்டின் வலது ஓரத்து எண் கட்டைகளில் பார்க்காமலே தட்டுவார். சீட்டு வெளியே வரும், லாரி இறங்கிப் போகும். அவள் பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தாள். எந்தப் பிள்ளை எந்த வாசலில் நிற்கும், எந்தப் பிள்ளைக்கு வேனில் வாந்தி வரும், யார் வீட்டு நாய் கடிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒரே மகள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். மூன்று பேர் இருந்த வீடு அது. செவ்வாய்க்கிழமை பகலிலிருந்து இரண்டு பேர்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் அப்பாவும் மகளும் பிணவறை ஜன்னலுக்கு முன்னால் நின்றார்கள். உள்ளே ஒரு எழுத்தர், குளிருக்கு இரண்டு சட்டையை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர்களை இந்த மாதிரி ஜன்னல்களில்தான் உட்கார வைப்பார்கள், திட்டு வாங்குவதற்கு.

"அவங்க கையில ஒரு பட்டை கட்டியிருக்கோம்ணே," என்றார் எழுத்தர். "அதுல கோடு கோடா இருக்கும், கீழ பத்து நம்பர் இருக்கும். அதோட நகல் இந்த அட்டையில இருக்கு. இதை ஸ்கேனர்ல காட்டணும். கம்ப்யூட்டர் ஏத்துக்கிட்டா சீட்டு வரும். சீட்டு வந்தா நீங்க கூட்டிட்டுப் போகலாம்."

"காட்டுங்க."

"காட்டலாம். காட்டினா என்ன ஆகும்னு நீங்களே பாத்துடுங்க. நான் வாயால சொன்னா யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

எழுத்தர் ஸ்கேனரை எடுத்து அட்டையின் மேல் சிவப்பு வெளிச்சத்தைக் காட்டினார். 'பீப்' என்றது. அடுத்த கணம் திரை முழுக்கச் சிவந்து, கூரையில் ஒரு சங்கு அலறியது. *தாக்குதல் தடுக்கப்பட்டது. தட்டச்சு செய்தது மனிதர் அல்ல. இந்தக் கணினி அரை மணி நேரம் பூட்டப்படுகிறது.* சங்கு தானாக ஓயும்வரை எழுத்தர் காதைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார். பழகிவிட்டது போலும்.

விஷயம் இதுதான். போன மாதம் ஆஸ்பத்திரி வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு பென் டிரைவ் கிடந்தது. யாரோ அதை எடுத்துவந்து, யாருடையது என்று பார்க்கிற நல்லெண்ணத்தில் ஒரு கம்ப்யூட்டரில் செருகினார். பார்க்கத்தான் அது பென் டிரைவ். உள்ளே புகுந்ததும் "நான் ஒரு கீபோர்டு" என்று கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லி, கண்ணை மூடித் திறப்பதற்குள் தானாக நூறு கட்டளைகளைத் தட்டிவிட்டது. அன்று மாலைவரை எந்த நோயாளியின் மருந்துச் சீட்டைத் திறந்தாலும் கண் சொட்டு மருந்து என்றே வந்தது. பிரசவ வார்டிலும் அதேதான். செருகியவர் யார் என்று அதன்பின் வந்த சுற்றறிக்கையில் இல்லை. சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் கண்காணிப்பாளர். செருகியவரும் அவர்தான்.

அதற்குப் பிறகு வந்ததுதான் 'காவலன்' என்ற புரோகிராம். எழுத்து என்ன வேகத்தில் வந்து விழுகிறது என்று அது அளக்கும். பத்து எழுத்து ஒன்றரை நொடிக்குள் வந்துவிட்டால் தட்டியது மனிதன் இல்லை என்று முடிவு கட்டும். ஸ்கேனர் பாவம், அதுவும் கம்ப்யூட்டரிடம் "நான் கீபோர்டு" என்று சொல்லித்தான் பிழைக்கிறது. பத்து எண்ணையும் ஒரே மூச்சில் கொட்டிவிடும். திங்கட்கிழமை காவலன் வேலையில் சேர்ந்தது. அன்றிலிருந்து பிணவறையைவிட்டு ஒருவரும் வெளியே போகவில்லை.

"அப்போ கையால தட்டுங்க. பத்து நம்பர்தானே?" என்றாள் மகள்.

"தட்டினா எங்க கம்ப்யூட்டர் பதிவேடு ஏத்துக்காதும்மா. மூணு வருஷம் முன்னாடி கையாலதான் தட்டிட்டு இருந்தோம். ஒருத்தர் ஒரு நம்பரைத் தப்பாத் தட்டிட்டாரு. ஒரு வீட்டுக்கு வேற வீட்டு மாமா போயிட்டாரு. அவங்க அழுது முடிச்ச பிறகுதான் முகத்தைப் பாத்திருக்காங்க. அன்னிலேர்ந்து பத்து நம்பரும் ரெண்டு நொடிக்குள்ள வந்து விழுந்தாத்தான் ஸ்கேனர்னு நம்பும். அதுக்கு மேல ஆச்சுன்னா கையால தட்டினதுன்னு தள்ளிடும்."

ஒரு புரோகிராமுக்கு மனிதன் ஆகாது, இன்னொன்றுக்கு மனிதன்தான் வேண்டும். இரண்டையும் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள். ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசியதில்லை, அவ்வளவுதான்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்," என்று எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். "இறந்த நேரத்திலேர்ந்து எழுபத்திரண்டு மணி நேரம்தான் கணக்கு. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள சீட்டு வரலைன்னா, பதிவேடு தானா அவங்களை யாரும் கேட்டு வராதவங்க பட்டியலுக்கு மாத்திடும். அப்புறம் ஆஸ்பத்திரியே அடக்கம் பண்ணிடும். எந்த இடத்துலன்னுகூடச் சொல்ல மாட்டாங்க."

"நான்தான் வந்து நிக்கிறேனே."

"நீங்க நிக்கிறது கம்ப்யூட்டருக்குத் தெரியாதுண்ணே."

எடைமேடைக்காரர் மகளைப் பார்த்தார். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

மூன்றாவது மாடியில் கணினிப் பாதுகாப்புப் பிரிவு. வாசலில் ஒரு தட்டு. பையில் இருப்பதையெல்லாம் அதில் கொட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எடைமேடைக்காரர் வீட்டுச் சாவியையும், பாதி தீர்ந்த மாத்திரை அட்டையையும், அவளுடைய மூக்குக் கண்ணாடியையும் வைத்தார். காவலாளி கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அதில் எங்கேயும் செருகும் முனை இல்லை என்று உறுதி செய்துகொண்டு திருப்பிக் கொடுத்தார்.

பாதுகாப்பு அதிகாரி உற்சாகமான ஆள். அவருடைய கம்ப்யூட்டரில் கீபோர்டே இல்லை. யு.எஸ்.பி. துளைகளையெல்லாம் பசை ஊற்றி அடைக்கச் சொல்லியிருந்தார். ஆட்கள் அவருடைய அறையிலிருந்தே ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது எல்லாவற்றையும் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார்.

"கம்ப்யூட்டர் ஒரு அப்பாவி சார்," என்றார். "வாசல்ல ஒருத்தன் வந்து 'நான்தான் உங்க மாப்பிள்ளை'ன்னு சொன்னா, மூஞ்சியைக்கூடப் பாக்காம உள்ள கூப்பிட்டுச் சாவிக் கொத்தைக் கையில கொடுத்துடும். அதான் நான் வேகத்தைப் பிடிச்சேன். நம்ம ஊழியர்களை ஒரு மாசம் கவனிச்சேன். இவ்வளவு வேகமா வேலை நடந்தா, செய்யறது நம்ம ஆளு இல்லைன்னு தெரிஞ்சுது. உடனே நிறுத்திட்டோம். திங்கட்கிழமையிலேர்ந்து ஒரு தாக்குதல் உண்டா? ஒண்ணு கிடையாது."

"வேலை நடக்குதா சார்?" என்று மகள் கேட்டாள்.

"பாதுகாப்புன்னா கொஞ்சம் அசௌகரியம் இருக்கத்தாம்மா செய்யும்."

"அந்த ஸ்கேனரை மட்டும் விட்டுடச் சொல்ல முடியாதா?"

"ஏன் முடியாது? அதுக்குன்னு அனுமதிப் பட்டியல் இருக்கு. அதுல சேர்த்துட்டா காவலன் அதைத் தொடாது. ரொம்பச் சுலபம். விண்ணப்பம் கொடுங்க, குழு கூடி முடிவு பண்ணும். மாசத்தோட முதல் வியாழக்கிழமை குழு கூடும். இந்த மாசத்துக்கானது போன வாரமே கூடிடுச்சு."

எடைமேடைக்காரர் விண்ணப்பத்தை வாங்கி, நின்றபடியே எழுதினார். *இந்தக் கருவியை உங்களுக்கு எத்தனை ஆண்டுகளாகத் தெரியும்? இன்று காலையிலிருந்து. கருவியின் நடத்தை எப்படி? தெரியவில்லை, என் மனைவியின் எண்ணை ஒரு தடவை சரியாகச் சொன்னது. இது தீய நோக்கம் கொண்டதல்ல என்று உறுதி கூறுகிறீர்களா?* அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்தார். பிறகு 'ஆம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு ஸ்கேனருக்காக ஜாமீன் நின்ற முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். அதிகாரி அதை அடுத்த மாதக் கட்டில் வைத்து, மேலே ஒரு கல்லையும் வைத்தார்.

வியாழக்கிழமை காலை கண்காணிப்பாளரைப் பார்க்கப் போனால், அவர் கூட்ட அரங்கில் இருக்கிறார் என்றார்கள். விழிப்புணர்வு உறுதிமொழி நாளாம். ஊழியர்கள் போதிய அளவு வராததால் பிணவறையில் காத்திருந்தவர்களை அழைத்துப் போய் நாற்காலிகளை நிரப்பினார்கள். எல்லாரும் எழுந்து நின்று வலது கையை நீட்டி, "முன்பின் தெரியாத எதையும் எதிலும் செருக மாட்டேன்" என்று மூன்று முறை சொன்னார்கள். எடைமேடைக்காரரும் சொன்னார். முடிந்ததும் ஆளுக்கொரு பரிசுப் பை கொடுத்தார்கள். உள்ளே ஆஸ்பத்திரிச் சின்னம் போட்ட ஒரு பென் டிரைவ் இருந்தது. பாதுகாப்பு விதிமுறைகள் முழுவதும் அதில் இருக்கிறதாம்.

கண்காணிப்பாளர் மேடையைவிட்டு இறங்கும்போது எடைமேடைக்காரர் வழியை மறித்து விஷயத்தைச் சொன்னார். அவர் பொறுமையாகக் கேட்டார். அவரிடம் அந்தக் குணம் உண்டு. எதையும் பொறுமையாகக் கேட்பார், கேட்டதோடு சரி.

"உங்க மனைவி இப்ப எங்க இருக்காங்க?"

"பிணவறையில சார்."

"அவங்க கிட்ட யாராவது நெருங்க முடியுமா?"

"முடியாது சார்."

"அதைத்தான் நான் சொல்ல வர்றேன். இன்னிக்கு இந்த ஊர்ல வேற எந்தப் பெண்ணும் அவ்வளவு பாதுகாப்பா இல்ல. உங்களால அவங்களை அசைக்க முடியாது, என்னால முடியாது, எந்த எதிரியாலயும் முடியாது. எங்க வேலையே அதான். உயிரோட இருக்கறப்ப எங்களால முழுப் பாதுகாப்பு கொடுக்க முடியலை, ஒத்துக்கறேன். இப்ப கொடுத்துட்டு இருக்கோம்." சுற்றி இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

"சரி சார்," என்றார் எடைமேடைக்காரர். அந்த 'சரி சார்' வாயிலிருந்து எப்படி வந்தது என்று அவருக்கே புரியவில்லை. படியிறங்கி வரும்போது வெட்கமாக இருந்தது. அவள் கூட இருந்திருந்தால் அந்த ஆளை நாலு கேள்வி நறுக்கென்று கேட்டிருப்பாள். அவளுக்காக வாதாடவும் அவள்தான் வேண்டியிருந்தது.

பிணவறை ஜன்னலுக்கு எதிரே ஒரு பெஞ்சு. அதில் இன்னும் எட்டுக் குடும்பங்களின் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து எடைமேடைக்காரர் தொடையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து ஜன்னலுக்குப் போனார்.

"ஒன்றரை நொடிக்குள்ள வந்தா காவலன் பிடிக்கும். ரெண்டு நொடியைத் தாண்டினா பதிவேடு தள்ளும். அப்படித்தானே?"

"அப்படித்தாண்ணே."

"நடுவுல அரை நொடி இருக்கே."

"இருக்கு. நானும் தட்டிப் பாத்தேன். நாலரை நொடி ஆகுது. அந்த அரை நொடி இடைவெளியில போய் விழற மாதிரி பத்து நம்பர் தட்டற மனுஷன் எங்க இருக்கான்?"

"நான் தட்டிப் பாக்கறேன்," என்றார் எடைமேடைக்காரர்.

எழுத்தர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு இரண்டு சட்டைகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு, அவரோடு மூன்றாவது மாடிக்கு ஏறினார்.

பாதுகாப்பு அதிகாரிக்கு யோசனை பிடித்துவிட்டது. ஆனால் வெளியாள் ஆஸ்பத்திரிக் கீபோர்டைத் தொடுவதற்கு விதி இல்லை. "ஒரு மனுஷனை அந்த நாற்காலியில உக்கார வைக்கணும்னா நியமன உத்தரவு வேணும். தேர்வு, நேர்காணல், எல்லாம் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகும். மனுஷனைச் சேர்க்க எனக்கு அதிகாரம் இல்ல." பேனாவால் தலையைச் சொறிந்தார். "கருவியைச் சேர்க்க இருக்கு. தற்காலிகக் கருவின்னா நானே கையெழுத்துப் போடலாம்."

"அப்போ அந்த ஸ்கேனரையே தற்காலிகமாச் சேர்த்துடுங்களேன்," என்றாள் மகள்.

"அது மேல தாக்குதல் புகார் இருக்கும்மா. குழுவுக்குப் போகாம முடியாது. உங்க அப்பா மேல இன்னும் புகார் எதுவும் வரலையே."

அதிகாரி கருவிகளுக்கான பதிவேட்டைத் திறந்தார். கருவி எண் நாற்பத்தொன்று. தயாரிப்பு ஆண்டு என்ற இடத்தில் எடைமேடைக்காரர் பிறந்த வருஷம். நிறம், மாநிறம். இணைப்பு வகை என்ற இடத்தில் கொஞ்சம் தடுமாறி, 'விரல்' என்று எழுதினார். உரிமையாளர் என்ற இடத்தில் வழக்கம்போல 'ஆஸ்பத்திரி' என்று எழுதினார். எடைமேடைக்காரர் கையெழுத்துப் போடக் கையை நீட்டியபோது, கருவிகளுக்குக் கையெழுத்து கிடையாது என்று சொல்லி, எண் அச்சிட்ட ஒரு ஒட்டுச்சீட்டு நாளைக் காலை வரும், சட்டையில் ஒட்டிக்கொண்டால் போதும் என்றார்.

அன்று சாயங்காலம் எடைமேடையிலிருந்து ஒரு பழைய கீபோர்டை வாங்கிவந்து, சாப்பாட்டு மேஜையில் வைத்துப் பழகினார். மகள் போனில் நேரம் பார்த்தாள். நாலு, பூஜ்யம், ஏழு, ஏழு, ஒன்று, ஒன்பது, இரண்டு, ஐந்து, மூன்று, எட்டு. மூன்று நொடி. இரண்டே முக்கால். இரண்டரை. "லாரி நம்பரெல்லாம் ஞாபகம் இருக்கு, என் பொறந்த நாள் மட்டும் உங்களுக்கு ஞாபகம் இருக்காது" என்று வருஷத்துக்கு ஒரு தடவை மனைவி சண்டை பிடிப்பாள். உண்மைதான், இருந்ததில்லை. அவளுடைய போன் எண்கூட அவருக்கு மனப்பாடம் இல்லை. பெயரைத் தொட்டால் மணி அடித்தது, அதற்கு மேல் எதற்கு என்று இருந்துவிட்டார். அவளைப் பற்றி அவர் மனப்பாடம் செய்த முதல் எண் இதுதான்.

"அப்பா, அழறீங்களா?"

"இல்லம்மா. நேரத்தைப் பாரு."

வெள்ளிக்கிழமை காலை ஒட்டுச்சீட்டு வருவதற்குப் பதினொரு மணி ஆகிவிட்டது. எடைமேடைக்காரர் நாற்பத்தொன்றைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு எழுத்தரின் நாற்காலியில் உட்கார்ந்தார். பாதுகாப்பு அதிகாரி பக்கத்தில் நின்றார். கண்காணிப்பாளரும் வந்துவிட்டார், கூடவே போட்டோ எடுக்க ஒருவர். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே கூடினார்கள்.

முதல் தடவை இரண்டே கால் நொடி. *கையால் தட்டப்பட்டது. ஏற்க இயலாது.* இரண்டாம் தடவை இரண்டு நொடிக்கு ஒரு மயிரிழை அதிகம். அதையும் தள்ளியது. மெதுவாகத் தட்டினால் மறுபடி தட்டலாம், வேகமாகப் போனால் அரை மணி நேரப் பூட்டு. அது அவருக்குத் தெரியும். ஆனாலும் கடிகாரத்தைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. பயத்தில் விரல் பறந்துவிட்டது.

திரை சிவந்தது, சங்கு அலறியது. *தட்டச்சு செய்தது மனிதர் அல்ல.* வாசல் காவலாளிகள் இரண்டு பேர் ஓடிவந்து விதிப்படி அவரைக் கீபோர்டிலிருந்து பிரித்தெடுத்து, கைகளைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நிறுத்தினார்கள். அப்போது மணி பதினொன்று பத்து.

பதினொன்று முப்பதுக்கு, வெளியே நின்றவர்களில் ஒரு பெண் மெல்ல நகர்ந்துபோய்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். கையில் வைத்திருந்த அட்டையை மடியில் கவிழ்த்தாள். மகள்தான் போய் விசாரித்துவிட்டு வந்தாள்.

"என்னம்மா?"

"அவங்க தம்பிக்குப் பதினொன்றரை வரைக்கும்தான் நேரமாம்பா."

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா? அவங்களோடதை முதல்ல தட்டியிருப்பேனே."

"டோக்கன் வரிசையில நாமதானப்பா முதல்ல இருந்தோம். கேக்க அவங்களுக்குத் தயக்கம்."

அந்தப் பெண் திட்டியிருந்தால் எடைமேடைக்காரருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவள் இந்தப் பக்கம் பார்க்கவேயில்லை.

பதினொன்று நாற்பதுக்குப் பூட்டுத் திறந்தது. காவலாளிகள் கையை விட்டார்கள். இன்னொரு தடவை வேகமாகப் போனால் பன்னிரண்டு தாண்டிவிடும். உட்கார்ந்தார். எடைமேடையில் சில மதியங்களில் வேன் வேலை முடிந்து அவள் அந்த வழியாக வருவாள், ஜன்னலுக்கு வெளியே நின்று அன்றைய கதையெல்லாம் சொல்லுவாள். இவர் 'ம்' கொட்டிக்கொண்டே லாரி எண்களைத் தட்டுவார். அவசரமும் இருக்காது, சுணக்கமும் இருக்காது. அப்படித் தட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு கண்ணை மூடித் தட்டினார்.

ஒன்று புள்ளி எட்டு நொடி. பச்சை விளக்கு எரிந்தது. அச்சுப்பொறி இருமிக்கொண்டு ஒரு சீட்டைத் துப்பியது. எழுத்தர் அதைக் கிழித்து இரண்டு கைகளாலும் கொடுத்தார்.

கண்காணிப்பாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "இதுலேர்ந்து என்ன தெரியுது? நம்ம அமைப்புல ஒரு குறையும் இல்ல. திறமையுள்ள குடும்பங்களுக்கு இங்க ஒரு தடையும் இல்ல. இனிமே நோயாளியைச் சேர்க்கும்போதே, வீட்டுல வேகமா எண் தட்டற ஆள் இருக்காங்களான்னு கேட்டு எழுதிக்கணும்." போட்டோக்காரர் எடைமேடைக்காரரின் ஒட்டுச்சீட்டு தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு அவளை வேனில் ஏற்றினார்கள். மகள் உள்ளே ஏறி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். எடைமேடைக்காரர் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஏழு பேர் ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. எட்டாவதாக அந்தப் பெண் பெஞ்சிலேயே இருந்தாள்.

"அப்பா, ஏறுங்கப்பா. அம்மா மூணு நாளாக் காத்திருக்காங்க."

"தெரியும்மா. இன்னும் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லு."

ஏழு எண்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பழகித் தட்ட மூன்றரை மணி நேரம் ஆனது. ஒரு தடவைகூட வேகம் கூடவில்லை. எண்ணை அட்டையிலிருந்து பார்த்துப் படிக்காமல் அவரவர் வாயால் சொல்லச் சொன்னார். எல்லாருக்கும் மனப்பாடமாக இருந்தது. ஒரு கிழவர் மட்டும் பாதியில் நிறுத்திவிட்டார், மீதியை எழுத்தர் அட்டையைப் பார்த்துச் சொன்னார். கடைசியாக அந்தப் பெண்ணின் அட்டையைத் தானே கேட்டு வாங்கித் தட்டினார். ஒன்று புள்ளி ஏழு நொடி, மிகச் சரியான வேகம். *இந்த எண் யாரும் கேட்டு வராதவர்கள் பட்டியலில் உள்ளது* என்று பதிவேடு பதில் சொன்னது. "பரவாயில்லங்க," என்றாள் அவள். "நீங்க தட்டிப் பாத்தீங்களே." அட்டையை வாங்கிக்கொண்டு போனாள்.

வேன் வாசலுக்கு வந்தபோது காவலாளி நிறுத்தினார். சீட்டைப் பார்த்தார். மனைவியைப் போகலாம் என்றார். மகளையும் போகலாம் என்றார். பிறகு எடைமேடைக்காரரின் சட்டையைப் பார்த்துவிட்டு ஒரு பதிவேட்டைப் புரட்டினார்.

"நாற்பத்தொன்று. உரிமையாளர் ஆஸ்பத்திரின்னு போட்டிருக்கு. பதிவான கருவியை வெளிய கொண்டு போகக் கூடாது."

"அவர் என் அப்பாங்க!"

"இருக்கலாம்மா. இதுல அப்படி எழுதலையே."

எடைமேடைக்காரர் ஒட்டுச்சீட்டைப் பிய்க்கப் பார்த்தார். அது பிய்யாத ரகம். சட்டைதான் கிழிந்தது. கண்காணிப்பாளருக்குத் தகவல் போனது. நன்றாக வேலை செய்கிற ஒரே கருவியை எப்படி அனுப்புவது என்று அவர் கவலைப்பட்டாராம். நாளைக்கு இன்னும் ஐந்து பேர் வருவார்கள், குழு கூடும்வரை வைத்துக்கொள்ளலாம் என்றாராம். எழுத்தர்தான் ஓடிப்போய் ஒரு படிவத்தோடு பாதுகாப்பு அதிகாரியையும் இழுத்துக்கொண்டு வந்தார்.

"பழுதான கருவின்னா வெளிய தள்ளிடலாம்ணே. அதுக்கு விதி இருக்கு," என்று எடைமேடைக்காரரின் காதோரம் சொன்னார். "ஒரு சோதனை வைப்பாங்க. மெதுவாத் தட்டுங்க, போதும்."

மறுபடியும் அந்த நாற்காலி. அதிகாரி ஒரு தாளில் சோதனை எண்ணை எழுதி வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று வரிசையாகப் பூஜ்யம் வரைக்கும், முதல் வகுப்புப் பிள்ளைகூடத் தட்டிவிடும். எடைமேடைக்காரர் கையை எண் கட்டைகளின் மேல் வைத்தார். மெதுவாகத் தட்ட வேண்டும் என்றுதான் நினைத்தார். விரல் ஒன்றின் மேல் போய் நின்றது. அழுத்த வரவில்லை. அடுத்த விரலைப் பார்த்தார், அதுவும் நகரவில்லை. மூன்று நாளாக நேரமில்லாமல் நிறுத்தி வைத்திருந்த அழுகை அந்தக் கீபோர்டின் மேலேயே கொட்டியது. வாய்விட்டு அழுதார். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் காத்திருந்தார். விதி அவ்வளவுதான்.

"ஒரு எழுத்துகூட வரல," என்றார். "பழுதுக்குக் காரணம்னு என்ன எழுதட்டும்?"

அதிகாரி அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு, கீழே 'இனிப் பயன்படாது, வெளியேற்றலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எழுத்தர் எடைமேடைக்காரரைத் தோளோடு அணைத்து வாசல்வரை நடத்தி வந்தார். காவலாளி படிவத்தை முழுவதும் படித்துப் பார்த்து, முத்திரை குத்தி, கம்பியைத் தூக்கினார். எடைமேடைக்காரர் வேனில் ஏறி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.